வலது ஓரத்துப் பொத்தான்

டேப்லெட்டின் கீழ் மூலையில் ஒரு விரிசல். மகளுக்கு அதுதான் உறுத்தல். நாளைக் காலை அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போக வண்டி வருகிறது. உடைந்த சாமானோடு அங்கே போய் இறங்கினால் மானம் போய்விடுமாம். அப்பாவை அனுப்புவதில் போகாத மானம் கண்ணாடியில் போய்விடும் என்று ரிப்பேர் கடைக்கு ஓடிவந்திருந்தாள்.

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து அந்த டேப்லெட்தான் அப்பாவுக்கு வாய். படத்தைத் தொட்டால் அது பேசும். தண்ணீர், வலி, தூக்கம். மேல் வரிசையில் 'சரி'. அதற்குப் பக்கத்தில், வலது ஓரத்தை ஒட்டி, 'வேண்டாம்'. அவர் தலையை மாற்றி மாற்றி ஆட்டுவார், அதை நம்பாதீர்கள், பொத்தானை நம்புங்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். வீட்டில் அப்படியே நம்பினார்கள்.

ரிப்பேர்க்காரர் விரிசலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, இடமிருந்து வலமாக விரலால் கோடு இழுத்தார். விடுவிடுவென்று ஓடிவந்த கோடு ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. இன்னொன்று இழுத்தார். அதுவும் அங்கேயே நின்றது.

"படம் காட்டற திரை நல்லாத்தான் இருக்கு மேடம். மேல இருக்கிற டச் கண்ணாடிதான் போச்சு. வலது ஓரம் முழுக்க வேலை செய்யல. எப்ப விழுந்துச்சு?"

"போன மாசம். கட்டில்லேருந்து."

அவர் டேப்லெட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மேல ஒட்டின பிளாஸ்டிக் தாள்ல இந்த ஒரு இடத்துல மட்டும் நகக்கீறல். யாரோ போட்டு அழுத்து அழுத்துன்னு அழுத்தியிருக்காங்க. இங்க அழுத்தினா பேசாது. விரல் வழுக்கினா பக்கத்துப் பொத்தான்தான் பேசும். இங்க என்ன இருக்கு?"

'வேண்டாம்' இருந்த இடம் அது.

அப்பா, அந்தப் பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டுடலாமா? சரி. நாயை யாருக்காவது கொடுத்துடலாமா? சரி. இல்லத்துக்குப் போறீங்களா? சரி, சரி, சரி. "பரவால்லையே, முரண்டு பிடிக்காம ஒத்துக்கிட்டாரே" என்று போனில் தம்பி சிரித்தான். அன்று அப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது. வயதானால் அப்படித்தான் என்று அவள் துடைத்துவிட்டாள். பாவி, துடைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

"கண்ணாடி கையில இருக்கு. இப்பவே மாத்திடவா, இல்ல நாளைக்கு வாங்கிக்கிறீங்களா?"

நாளைக்கே வாங்கிக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. வேலைக்கும் போய், அப்பாவையும் தூக்கிப் புரட்டி அவளுக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. அந்த ஒரு 'சரி'யால்தான் கொஞ்ச நாளாக நிம்மதியாகத் தூங்குகிறாள்.

"இப்பவே மாத்துங்க" என்றாள்.

அவர் ஓரங்களைச் சூடாக்கி, மெல்லிய தகட்டை நுழைத்து, பசை இளக இளகக் கண்ணாடியைப் பிரித்தார். புதியதை ஒட்டிக் கோடு இழுத்தார். கோடு இந்த முறை ஓரம் வரை போனது.

வீட்டுக்கு வந்ததும் டேப்லெட்டை அப்பாவின் மடியில் வைத்தாள். "அப்பா, நாளைக்கு அந்த இல்லத்துக்குப் போறீங்களா?"

அப்பா பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை ஊன்றினார்.

"வேண்டாம்" என்றது டேப்லெட்.

அவரே திடுக்கிட்டார். மறுபடி தொட்டார், பயந்து பயந்து. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

அவள் தரையில் உட்கார்ந்து உடைந்து அழுதாள். "என்னால முடியலப்பா. நான் என்னதான் பண்ணுவேன்?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலைப் பக்கத்தில் நகர்த்தினார்.

"சரி."

வழுக்கவில்லை. பார்த்து, நிதானமாக வைத்த விரல்.

அவள் எழுந்துபோய்த் தம்பிக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வண்டி வர வேணாம்னு சொல்லிடு."

"ஏன்? அப்பாதான் சரின்னாரே?"

பின்னால் டேப்லெட் இன்னொரு தடவை 'சரி' என்றது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இல்லடா" என்றாள். "அவர் முதல்லேருந்தே வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்திருக்கார்."