பங்கு போட்ட புல்டோசர்

ஹெலிகாப்டர் இறங்கியபோது ஓடுதளத்தின் மேட்டு முனையில் புல்டோசரின் வெறும் உடம்பு மட்டும்தான் நின்றது. செயின்கள் இரண்டும் இல்லை. மண் தள்ளும் பிளேடும் இல்லை. அடியில் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதன் சீட்டில் கிபாமே உட்கார்ந்து, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தாள். விசிறி அடித்த காற்றில் புல்லெல்லாம் படுத்து எழுந்தது. கிழங்கில் தூசி விழாமல் கையால் மூடிக்கொண்டாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை.

வாகி மொரியா தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்தான். மாகாண அலுவலகத்துப் பிள்ளை, தலைநகர் மோர்ஸ்பி பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் எப்போது வந்தாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பான். இரும்புக் கயிறு, கொக்கி எல்லாம் கொண்டுவந்திருந்தான். பாகம் பாகமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்பு. சுற்றிச் சுற்றி வந்து இயந்திரத்தைப் பார்த்தான். பிறகு மேலே அவளைப் பார்த்தான்.

"அக்கா, மிச்சமெல்லாம் எங்கே?"

"பங்கு போட்டாச்சு."

"என்னது?"

"காது அடைச்சிருச்சா தம்பி? பங்கு போட்டாச்சுன்னேன். அவங்கவங்க பங்கை அவங்கவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

வாகி மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவன் காது சிவந்ததிலேயே தெரிந்தது.

இந்த ஓடுதளத்தை வெட்டியவர்கள் கிபாமேயின் அப்பா காலத்து ஆட்கள். மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. ஒரு முனை மலையில் முட்டும், மறுமுனைக்கு அப்பால் ஆறு வரைக்கும் வெறும் பள்ளம். சின்ன விமானம்தான் இறங்கும், அதுவும் வெயில் காய்ந்தால். மழை பெய்துவிட்டால் நடுவில் ஒரு இடம் சேறாகிச் சக்கரத்தை விழுங்கப் பார்க்கும். பைலட்டுகள் மேலே ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடுவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, குறை சொல்ல முடியாது என்பார்கள் ஊரில். கிபாமே குறை சொன்னாள். வாய்விட்டே சொன்னாள்.

அவளுடைய அக்கா சூசாவை மேல்முகட்டுப் பொரால் குலத்தில் கொடுத்திருந்தது. பிரசவம் பாதியில் நின்றுபோய், கழியில் கம்பளி கட்டித் தூக்கிக்கொண்டு அவளை இந்த ஓடுதளத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். ரேடியோவில் கூப்பிட்டதும் விமானமும் வந்தது. மேகத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. பிறகு சத்தம் தேய்ந்துகொண்டே போனது. சூசா கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். "போயிருச்சாடி?" என்று கேட்டாள். "இல்லக்கா, திரும்பி வருது" என்றாள் கிபாமே. பொய்யென்று இரண்டு பேருக்குமே தெரியும். பொழுது சாய்வதற்குள் தாயும் போய்ப் பிள்ளையும் போயிற்று.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த குலத்துக்குப் பன்றி கொடுத்தாக வேண்டும். அது அழுகைக்குக் காட்டும் மரியாதை. கிபாமேயின் யெம்பி குலத்தார் போய்க் கேட்டார்கள். சூசாவின் மாமனார் தகாய் வாசலுக்கு வந்து நின்று, "நாங்களா கொன்னோம்? பிளேன்தான் கொன்னுச்சு. போய்ப் பிளேன்கிட்ட பன்னி கேளு" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து இரண்டு குலத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் புல்லுக்குள் இறங்கி நின்று வழி விடுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கிபாமே அப்போது கடற்கரைச் சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தவள். லீவில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. மேட்டு முனையில் மலையைச் செதுக்கி ஓடுதளத்தை நீட்ட வேண்டும், நடுச்சேற்றை வாரிக் கொட்டிவிட்டுக் கல் பரப்ப வேண்டும், அதற்கு ஒரு சின்ன புல்டோசர் போதும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். சாலையே இல்லாத ஊருக்கு எப்படியம்மா அனுப்புவது என்று சிரித்தார்கள். "பறந்து வரட்டும். நான் பறந்துதானே இங்க வந்திருக்கேன்?" என்றாள். அவள் தொல்லை தாங்காமல்தான் ஒருவழியாக அனுப்பினார்கள் என்று வாகியே பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

முழு இயந்திரத்தை ஹெலிகாப்டரால் தூக்க முடியாது. கழற்றித்தான் கொண்டுவந்தார்கள். முதல் நடையில் உடம்பு சரியாக ஓடுதளத்தில் இறங்கியது. ஊரே கூடி நின்று, கயிற்றில் தொங்கிக்கொண்டு இரும்பு பறந்து வருவதைப் பார்த்து வாயில் விரலை வைத்தது. அதற்குப் பிறகு மேகம் மூடிக்கொண்டது. பைலட் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். செயின்கள் ஆற்றங்கரையில் சாக்கி குலத்தார் நிலத்தில் விழுந்தன. பிளேடு போய் உட்கார்ந்தது எங்கே என்றால், பொரால் முகட்டில், தகாயின் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில்.

வாகி கூலி தருகிறேன் என்றான். யாரும் அசையவில்லை. எங்கள் மண்ணில் விழுந்ததை யாரோ ஒருத்தனுக்கு நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது கிபாமேதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். விருந்துத் திடலில் பன்றி அறுத்துப் பங்கு வைக்கும்போது, பலகைமேல் ஏறி நின்று ஒவ்வொரு குலத்தின் பேரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்கு உரியவர் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கூப்பிடுவது ஆண்களின் பேர், குலங்களின் பேர். பெண்களின் பேரை அந்தப் பலகையில் யாரும் கூப்பிட்டதில்லை. பெண்களுக்கு இறைச்சி புருஷன் கை வழியாகத்தான் வரும். "அதே மாதிரி கூப்பிட்டுச் சொல்லு தம்பி. அப்புறம் பாரு" என்றாள்.

வாகியும் ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். "சாக்கி! செயின் உங்க பங்கு! யெம்பி! உடம்பு உங்க பங்கு! பொரால்! பிளேடு உங்க பங்கு!" முகட்டிலிருந்து "ஓ" என்று பதில் வந்தது. மறுநாளே எல்லாம் கழிகளில் ஏறி, பாட்டோடு ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்தது. தங்கள் பங்கைத் தாங்களே சுமப்பதற்கு யாருக்குக் கூலி வேண்டும்?

அன்றைக்கு அவளுக்கு வேறு யோசனை எதுவும் இல்லை. இரும்பு வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது. வேலையும் நடந்தது. மலை முனையைச் செதுக்கி முடித்துவிட்டாள். சேறுதான் பாக்கி. அந்த நேரத்தில் ரேடியோவில் வாகியின் குரல் வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி. தேர்தல் வருகிறது, வேறொரு பள்ளத்தாக்கில் பெரியவர் ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டார், புல்டோசரைத் தூக்க வருகிறோம், கழற்றித் தயாராக வையுங்கள்.

"கழட்டித் தயாரா வைக்கணுமா? வைக்கிறேன்" என்றாள் கிபாமே.

அப்படியே செய்தாள். செயினைக் கோத்திருந்த பின்னைச் சம்மட்டியால் அடித்து எடுத்தாள். பிளேடைக் கழற்றினாள். பிறகு பாறைமேல் ஏறி, வாய்க்கு இருபுறமும் கை வைத்து, பள்ளத்தாக்கு எதிரொலிக்கக் கூவினாள். சாக்கியை முதலில். அது சுலபம். அடுத்து மேல்முகட்டைப் பார்த்துத் திரும்பினாள். அக்கா செத்ததிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. "பொரால்! உங்க பங்கு இங்க கிடக்கு! வந்து எடுத்துக்கோங்க!" வந்தார்கள். பிளேடைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிறவர்களின் முதுகைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அரசாங்கத்துக்கு இல்லை என்று சொல்வதற்காக, எதிரியிடம் தூக்கிக் கொடுத்தாயிற்று. அவர்கள் திருப்பித் தருவார்கள் என்று யார் சொன்னது? பங்கு என்றால் பங்குதானே? பன்றி அடைக்கும் பட்டிக்குக் கதவாக வைத்துக்கொண்டாலும் ஏனென்று கேட்க முடியாது.

இப்போது வாகி கயிறுகளைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிசைந்தான்.

"அக்கா, இது கவர்மென்ட் சாமான். நான் சுமக்கிறதுக்காகச் சொன்னது அது."

"சுமந்துட்டு வாங்கன்னா சொன்னே? உங்க பங்குன்னு சொன்னே. பள்ளத்தாக்கே கேட்டுச்சு."

"நீங்கதான அப்படிச் சொல்லச் சொன்னீங்க!"

"ஆமா, நான்தான் சொல்லச் சொன்னேன். இல்லேன்னா சொன்னேன்?"

"சரி, உடம்பையாவது எடுத்துட்டுப் போறேன். இறங்குங்க."

அதற்குள் யெம்பிப் பெண்கள் நூல்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, என்ஜின் மூடிமேல் இருவர், பின்னால் மூவர் என ஏறி உட்கார்ந்து பாக்கு மெல்ல ஆரம்பித்திருந்தார்கள். "எங்களையும் சேர்த்துத் தூக்கச் சொல்லு தம்பி. மோர்ஸ்பியைப் பார்த்ததே இல்ல" என்றாள் ஒருத்தி. பைலட் தூரத்திலிருந்தே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, மேகம் ஏறுகிற திசையைக் கையால் காட்டினார்.

கிபாமே சீட்டிலிருந்து இறங்கினாள். அவள் குரல் மாறியிருந்தது.

"உனக்கு ஒரு வழி சொல்றேன் வாகி. அதே பலகை அங்கதான் கிடக்கு. ஏறி நில்லு. ஒவ்வொரு குலமாக் கூப்பிடு. 'நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடு'ன்னு கேளு. கொடுத்தா நானே கொக்கியை மாட்டிவிடறேன். என் அக்கா மேல சத்தியம்."

அவன் நடந்தான். திடலில் கிடந்த பலகைமேல் ஏறினான். அவன் ஏறியது தெரிந்ததும் ஆற்றங்கரையிலும் முகட்டிலும் ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள். கிபாமே அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிட்டால்? வெட்கமில்லாமல் கேட்டேவிட்டால், பொரால் குலத்தார் அவளைப் பழிவாங்குவதற்காகவே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்களா?

"பொரால்!" என்று கத்தினான் வாகி.

"ஓ!" என்றது முகடு.

அதற்கு மேல் அவனுக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றான். கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்கும் வாக்கியத்தை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இதுவரை சொன்னதில்லை. பேரைக் கூப்பிட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் பலகையிலிருந்து இறங்கினான்.

"எங்க ஊர்லயும் விருந்துமேடை உண்டுக்கா. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டார்" என்றான். பிறகு கயிறுகளை அள்ளிக்கொண்டு சொன்னான்: "நான் போனா வேற ஆளை அனுப்புவாங்க. போலீஸோட வருவாங்க."

"வரட்டும். அதுக்குள்ள ரன்வே முடிஞ்சிருக்கும். பெரிய பிளேன்லயே வரச் சொல்லு."

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான். வெறும் கொக்கி ஆடியபடி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. பெண்கள் கைதட்டிக் கூவினார்கள். கிபாமே கூவவில்லை.

சாக்கி ஆட்கள் செயின்களைச் சுமந்துகொண்டு சீக்கிரமே வந்துவிட்டார்கள். எங்கள் பங்கு, எங்கள் ஓடுதளம், மாட்டு என்றார்கள். கட்டைமேல் படுத்துச் செயினை இழுத்துக் கோத்து, பின்னை அடித்துக்கொண்டே அவள் மேல்முகட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு அசைவும் இல்லை, புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது செயினும் ஏறிவிட்டது. பிளேடு இல்லாத புல்டோசர் எதற்கு ஆகும்? ஓட்டிப் பழகலாம், அவ்வளவுதான். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, தான் செய்தது முட்டாள்தனம் என்று முதன்முதலாக அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு, திரும்பச் செய்யச் சொன்னாலும் இதையேதான் செய்வேன் என்றும் நினைத்தாள்.

அப்போது சுமைப்பாட்டு கேட்டது. முகட்டுப் பாதையில் பொரால் ஆட்கள் கழிகளைத் தோளில் தாங்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிளேடைச் சுற்றி ஃபெர்ன் இலை செருகியிருந்தது. அதன் குழிவுக்குள், நாலு காலும் கட்டப்பட்டு, ஊரைக் கூட்டும்படி அலறிக்கொண்டு ஒரு பெரிய பன்றி கிடந்தது. ஓடுதளத்தில் நின்றிருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள்.

தகாய் முன்னால் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. நேரே திடலுக்குப் போய்ப் பலகைமேல் ஏறினார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"கிபாமே!"

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவறாகக் காதில் விழுந்ததோ என்று அவளும் நின்றாள். கிழவர் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

"சூசாவோட தங்கச்சி கிபாமே! இது உன் பங்கு!"

இரும்பையா பன்றியையா எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கிபாமே கைகளைப் பாவாடையில் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை. மறுபடி துடைத்தாள். மேகத்துக்கு மேலே எங்கேயோ ஒரு என்ஜின் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுத்துப்போன இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, கூட்டம் விட்ட வழியில், பலகையை நோக்கி நடந்தாள்.