ஊதலக்கா எழுதிய பொய்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊதலக்கா என்றுதான் பெயர். வைத்தது யாரென்று தெரியாது, டாக்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார். வேலை அப்படி. நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, அதை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கிற மெஷின் முன்னால் ஆளை உட்காரவைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழுங்க, நல்லா இழுங்க, இப்போ ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் மனுஷன் பாதியிலேயே விட்டுவிடுவான். ஆறு செகண்டாவது விடாமல் ஊத வேண்டும். ஒரு தடவை ஊதினால் போதாது, மூன்று தடவை, மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி வர வேண்டும். பக்கத்து ரூமில் ரத்தம் எடுக்கிற பெண், இவள் போடுகிற சத்தத்தில் ஊசி நழுவிவிட்டது என்று ஒரு தடவை மேலிடம் வரைக்கும் போய்ப் புகார் கொடுத்தாள்.

வருகிறவர்களும் பல தினுசு. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால், மயக்க மருந்தை இந்த நெஞ்சு தாங்குமா என்று பார்க்க ஒருவர். நாற்பது வருஷம் புகைவிட்டுத் தள்ளிவிட்டு இப்போது இருமலோடு வந்து நிற்கிற ஒருவர். மாவு மில்லிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வரிசையாக அனுப்பிவைக்கிற ஆட்கள். மூச்சு வாங்குகிறது, கோளாறு இதயத்திலா நுரையீரலிலா என்று டாக்டருக்கே பிடிபடாத கேஸ். யாராக இருந்தாலும் ஊதலக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். இன்றைக்குப் பம்ப் அடித்தீர்களா? அடித்தேன் என்றால், போய்விட்டு வேறொரு நாள் வாருங்கள் என்று எழுப்பிவிடுவாள். வாயில் வைத்து இழுக்கிற அந்தப் பம்ப் மருந்து மூச்சுக்குழாயை விரித்துவிடும். அந்த நேரத்தில் அளந்தால் நோயாளி பயில்வான் மாதிரி ஊதிவிட்டுப் போவார், நோய் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆறு மணி நேரமாவது போக வேண்டும். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இந்த விஷயத்தில் அவளை ஒருவரும் ஏய்த்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு மனசில்லை.

வீட்டில் இவள் மூத்த மருமகள். கொழுந்தன் பெண்டாட்டியைச் சின்னவள் என்பார்கள். சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவது வருஷத்திலிருந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. துடைப்பத்தை எடுத்தால் மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தெருமுனையில் இருக்கிற டாக்டர் ஒருவர் ஒரு டெஸ்டும் பார்க்காமல் நீலப் பம்ப் ஒன்றைக் கொடுத்து, முடியாதபோது இரண்டு தடவை இழுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான், வீடே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்தது. மாமியார் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பார். கொழுந்தன் ஜன்னலைத் திறப்பான், மூடுவான், மறுபடியும் திறப்பான். இவளுடைய சொந்தப் புருஷன் இருக்கிறாரே, பன்னிரண்டு வருஷமாக இவள் டூட்டி முடிந்து தொண்டை கட்டிப்போய் வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டாத மகராசன், அவர்கூட "சின்னவளுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளேயே வருவார். அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

நடிப்பு என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். மூச்சு வாங்குகிறவர்களை நான் பார்க்காததா? நேற்று நன்றாக இருந்தாள், இன்று முடியவில்லையாம், நாளைக்கு மறுபடியும் நன்றாக இருப்பாளாம். இது என்ன நோய், கூப்பிட்டால் வந்து, போ என்றால் போகிற நோய்? இப்படித்தான் கரித்துக் கொட்டுவாள். விட்டு விட்டு வருவதுதான் ஆஸ்துமாவின் குணமே என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

இத்தனைக்கும் மேலே ரூம் விஷயம் வந்து சேர்ந்தது. கீழே தெருப்பக்கம் பெரிய ஜன்னல் வைத்த ரூம், கல்யாணமான நாளிலிருந்து இவளுடையது. பதினாலு வருஷம். வேலை முடிந்து வந்து அந்த ஜன்னலோரம் காலை நீட்டி உட்காருகிற அரை மணி நேரம்தான் நாள் முழுக்க இவளுக்கென்று இருக்கிற நேரம். ஒரு சாயங்காலம் மாமியார் எல்லாரையும் வைத்துக்கொண்டு, சின்னவளை இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே காட்டி, அந்த ஊதுகிற டெஸ்டை எடுத்துவிடலாம் என்றார். நெஞ்சில் கோளாறு என்று ரிப்போர்ட் வந்தால் அவளை மாடிப்படி ஏறவிடக் கூடாது, கீழ் ரூமை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். "பெரியவளுக்கு என்ன, அவ இரும்பு. மாடியில இருந்துப்பா" என்று முடித்தார். புருஷன் தலையை ஆட்டினார். இவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இவளும் வாயைத் திறக்கவில்லை.

டெஸ்ட் அன்று காலை ஏழு மணி. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவளுக்கு, கூடத்து அலமாரிக் கதவுக்குப் பின்னால் சின்னவள் திரும்பி நிற்பது தெரிந்தது. பம்பைக் குலுக்கினாள், வாயில் வைத்தாள், ஒன்று, இரண்டு. இரண்டு தடவை முழுசாக இழுத்துவிட்டு, பம்பைத் துணிகளுக்கு அடியில் செருகினாள். இவள் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அத்தனை கோபத்திலும் இவள் முதலில் நினைத்தது டெஸ்ட் இன்றைக்கு நடக்காது என்பதுதான். அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. மருந்தோடு ஊதினால் எல்லாம் நார்மல் என்றுதான் வரும். நார்மல் என்று வந்தால் ரூம் எங்கும் போகாது.

ஒன்பது மணிக்குச் சின்னவள் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். படிவத்தில் ஒரு கட்டம் உண்டு, கடைசியாக மருந்து இழுத்தது எப்போது என்று. ஊதலக்கா தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, நேற்று காலை என்று எழுதினாள். சின்னவள் அந்த எழுத்தைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், குழாயை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஊதலக்கா கத்தின கத்து இருக்கிறதே, அந்த மாதிரி எந்த நோயாளிக்கும் கத்தியதில்லை. ஒரு பொட்டுக் காற்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மூன்று தடவையும் அம்சமாக வந்தது. மெஷின் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி, வளையாமல் நெளியாமல் இறங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, மனசுப் படபடப்பாக இருக்கும், அந்தப் பம்பை நிறுத்திவிடுங்கள் என்றார்.

அடுத்த நாலு நாள் ஊதலக்காவுக்குப் பொற்காலம். வெந்நீர் நின்றது. கொழுந்தன் ஜன்னல் பக்கம் போகவில்லை. மாமியார் சின்னவளைப் பார்த்து, கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோ என்றார். புருஷன் வீட்டுக்குள் வரும்போது ஒன்றும் கேட்கவில்லை, அதாவது இவளையும் கேட்கவில்லை, போகட்டும். இவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆனால் மனசு என்னவோ ஒட்டவில்லை. மாடியில் அவள் நடக்கிற சத்தத்தையே காது தேடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் வெளியே போயிருந்தார்கள், மாமியார் அடுத்த தெருவுக்கு. துவைத்த துணி வாளியோடு மாடிக்குப் போன சின்னவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக்கு மேலே தோல் உள்ளே இழுத்தது. மூச்சை விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. இந்தச் சத்தத்தை யாராலும் நடிக்க முடியாது என்பது ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் ஊதலக்காதான். அலமாரிக்கு ஓடினாள். துணிக்கு அடியில் கை விட்டு, பம்பை எடுத்து வந்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒன்று, பொறு, இன்னொன்று, பொறு என்று வரிசையாகக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் விசில் அடங்கியது.

பேச முடிந்ததும் சின்னவள் முதலில் கேட்டது மன்னிப்பு.

"அக்கா, நான் உங்களை ஏமாத்திட்டேன். அன்னிக்குக் காலையில பம்ப் அடிச்சிட்டுத்தான் வந்தேன். நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துகிட்டே இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல, நேத்துன்னு நீங்களா எழுதிட்டீங்க. என்மேல அவ்வளவு நம்பிக்கை."

ஊதலக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

"நார்மல்னு வரணும்னுதான். அச்சாபீஸ்ல புரூஃப் பாக்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. உடம்பு முடியாதவளுக்கு வேலை எதுக்குன்னு உங்க கொழுந்தன் விட மாட்டேங்கிறாரு. தினமும் காலையில நீங்க பையை மாட்டிக்கிட்டு கிளம்புவீங்க இல்ல, மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். தப்பா நினைக்காதீங்கக்கா, எனக்கு வயிறு எரியும்."

என்மேலா என்று வாய்வரை வந்தது. இவள் பொறாமைப்பட்ட வெந்நீரும் விசாரிப்பும் அவளுக்குக் கழுத்தை நெரித்திருக்கிறது. இவள் தொண்டை கட்டிப்போய் வருகிற வேலை அவளுக்குக் கனவாக இருந்திருக்கிறது. இந்த இடத்தில் சும்மா இருந்திருந்தால் ஊதலக்கா தப்பித்திருப்பாள். பழி முழுக்கச் சின்னவளே எடுத்துக்கொண்டுவிட்டாளே. சும்மா இருக்கத்தான் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும். நீ அடிச்சதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பொய் எழுதினேன். ரூம் போயிடக் கூடாதுன்னு."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு வாளியை எடுக்கப் போனாள். இவள் அதைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

மறுநாள் டாக்டரிடம் போய், தெரிந்தேதான் தப்பாக எழுதினேன், மறுபடி எடுக்க வேண்டும் என்றாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே நீங்க எழுதுற ஒவ்வொரு தாளையும் நான் ரெண்டு தடவை பாக்கணும் போல இருக்கு" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துப் பெயர் அந்த ஒரு வரியில் போயிற்று.

புதன்கிழமை காலை, பம்ப் அடிக்காமல் சின்னவள் வந்தாள். இவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள், வந்த பதிலை எழுதினாள், பிறகு கத்தினாள். ஊது, ஊது, விடாதே. கோடு பாதி உயரம்தான் ஏறியது, ஏறியதும் தொய்ந்து உள்வாங்கி இறங்கியது. மூன்று தடவையும் அப்படியே. நாலு தடவை பம்ப் கொடுத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச்சொன்னபோது கோடு எழும்பி நின்றது. ஆஸ்துமாவேதான் என்றார் டாக்டர். தினமும் போட வேண்டிய மருந்து வேறு இருக்கிறது, அதை விடாமல் போட்டால் இரண்டு மாசத்தில் நன்றாகிவிடும், வேலைக்கும் போகலாம், அதுவரைக்கும் படி ஏறுவதைக் குறைத்துக்கொள் என்றார்.

வெளியே வரும்போது சின்னவள் மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல நான் எதுவும் சொல்ல மாட்டேன்கா. டெஸ்ட்ல ஏதோ தப்பு நடந்துடுச்சு, அவ்வளவுதான்."

நன்றியில் கண் கலங்கியிருக்க வேண்டும், இல்லையா? ஊதலக்காவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. பெரிய மனசிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா? நான் காலம் பூராவும் இவளுடைய தயவில் நிற்க வேண்டுமா? வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமியார் முன்னால் நின்று, அலமாரி முதல் படிவம் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினாள். ஏன் செய்தாள் என்பதையும் சொன்னாள்.

மாமியார் கூச்சல் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இந்த ரூம் உனக்கு அவ்வளவு புடிக்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பதினாலு வருஷத்துல நீ எதையும் வேணும்னு கேட்டதே இல்ல, உனக்கு ஒண்ணும் வேண்டாம்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம்."

ஊதலக்கா உள்ளே போய், மாடிக்குக் கொண்டுபோகப் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.