ஆனிமேரியின் கிழங்கு

என் மனைவி ஆனிமேரி தாவரவியல் டீச்சர். மற்ற டீச்சர்கள் ரோஜா வளர்ப்பார்கள், செம்பருத்தி வளர்ப்பார்கள். இவளுக்கு மட்டும் எழுமலைப் பக்கத்துத் தரிசில் முளைக்கிற காட்டு ஆர்க்கிட்தான் வேண்டும். பிளாட் போடுகிறோம் என்று ஜேசிபி அந்தத் தரிசைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதன் முன்னால் போய் நின்று ஒரு செடியைக் கிழங்கோடு பெயர்த்து வந்தாள். பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. தல்லாகுளம் வீட்டு மாடியில் அதற்கு ராஜ உபசாரம்.

அந்தச் செடி பூத்துக் காய்த்தது. காயைப் பிரித்தால் உள்ளே முகப்பவுடர் மாதிரி தூசிதான் இருந்தது. அதுதான் விதையாம்.

"இதுக்குள்ள சாப்பாடே கிடையாதுங்க. மண்ணுல இருக்கிற பூஞ்சைதான் ஊட்டி வளர்க்கணும்" என்பாள்.

புது மண்ணில் தூவினால் முளைக்காது. தாய்ச்செடி நிற்கிற தொட்டியிலேயே, அதன் காலடியில் தூவ வேண்டும். எங்கள் மகள் ஷெரின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது தூவினாள். நாளடைவில் தாய்ச்செடி செத்துப்போனது. விதையில் ஒன்றே ஒன்று பிழைத்தது. ஷெரின் கல்யாணமாகி ஓசூர் போன பிறகும் அது புல் மாதிரி இரண்டு இலையோடு நின்றது. "என்னைக்குடி பூப்பான் உன் சீமந்த புத்திரன்?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

வெயில் காலத்தில் அந்த இலையும் காய்ந்துபோகும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அப்படி அது தூங்கிக்கொண்டிருந்த ஒரு வைகாசியில் ஆனிமேரி போய்ச் சேர்ந்தாள். புற்றுநோய். தான் விதைத்ததன் பூவை அவள் பார்க்கவே இல்லை.

எனக்குச் செடி விஷயத்தில் கைராசி கிடையாது. அதனால் கிழங்கைத் தொட்டி மண்ணோடு கொண்டுபோய் அவள் கல்லறையில், தலைமாட்டில் புதைத்தேன். மழைக்கு முளைத்தது. பூக்கவில்லை, ஆனால் அதுவரை இல்லாத அகலத்துக்கு இலை விட்டது. அடுத்த மழைக்குக் கட்டாயம் பூக்கும் என்று தோன்றியது. அதை மட்டும் அவள் தலைமாட்டில் பார்த்துவிட்டால் போதும், எனக்கு வேறு ஆசை இல்லை. ஷெரினிடம் மூச்சு விடவில்லை. பூத்ததும் கூட்டிப்போய் முன்னால் நிறுத்த வேண்டும் என்றிருந்தேன்.

சுற்றியிருந்த கல்லறையெல்லாம் டைல்ஸ், கிரானைட். எங்களது மட்டும் மண்மேடு. "கிளமெண்ட் அண்ணே பென்சனை அம்புட்டையும் தலையில கட்டிக்கிட்டா போகப்போறாரு?" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேச்சு ஓசூர்வரை போனது எனக்குத் தெரியாது.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு ஷெரின் ஒரு வாரம் முன்னதாகவே வந்திருந்தாள். இலை காய்ந்து கிழங்கு தூங்குகிற காலம் என்று நான் கல்லறைப் பக்கம் போகாமல் இருந்தேன். பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். மண்மேடு இருந்த இடத்தில் கறுப்பு கிரானைட். தலைமாட்டில் ஆனிமேரியின் முகத்தைச் செதுக்கியிருந்தார்கள், சிரித்தபடி.

"எப்புடிப்பா இருக்கு?"

கத்திவிட்டேன்.

"யாரக் கேட்டுடி செஞ்ச? உங்கம்மா கிழங்கு எங்க?"

"என்ன கிழங்குப்பா? வெறும் மண்ணுதான கெடந்துச்சு?"

சொன்னேன். "அந்தத் தொட்டிச் செடியா?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கல் பதித்த கொத்தனார் பாண்டிராஜைப் போனில் கூப்பிட்டாள். அவர் சம்மட்டியோடு வந்தார். மண்ணை வெட்டவில்லையாம். மேலே மட்டப்படுத்தி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, கல்லைப் பதித்திருக்கிறார். அப்படியென்றால் கிழங்கு அங்கேயேதான் இருக்கிறது.

"கல்ல மட்டும் கழட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"ஒட்டிப்போச்சுண்ணே. ஒடச்சாத்தான் வரும்."

"ஒடச்சிருங்கண்ணே" என்றாள் ஷெரின்.

அவர் ஓங்கினார். கீழே ஆனிமேரி சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, அம்மா!" என்று ஷெரின் அந்த முகத்தின் மேல் குப்புற விழுந்தாள். அதற்குள் நானும் பாண்டிராஜின் கையைப் பிடித்திருந்தேன்.

உடைக்கவில்லை. ஷெரின் ஓசூர் போய்விட்டாள்.

மழை வராதவரை கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, தூங்கும். மழை பெய்தால் ஓரத்து ஈரம் உள்ளே இறங்கும். எழுந்துவிடும். எழுந்து, முளைவிட்டு, இருட்டில் காங்கிரீட்டை முட்டிக்கொண்டு நிற்கும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி போயும் மழை இல்லையே என்று ஊரே வானத்தைப் பார்த்தது. நான் மட்டும் ஆண்டவரிடம் இந்த வருசம் மழை வேண்டாம் என்று கேட்டேன்.

ஷெரின் போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் இன்னொன்றும் கேட்பாள்.

"அங்க மழையாப்பா?"

"இல்லம்மா."

ஆவணியில் ஒரு சாயங்காலம் மாடித் தகரத்தில் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கேட்டாள்.

"இல்லம்மா. பொட்டுத் தண்ணி இல்ல" என்றேன், கொஞ்சம் உரக்க.

"சத்தம் கேக்குதேப்பா" என்றாள்.