குறுக்குக் காற்றும் புத்தாக்க மையமும்

மொராவா ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்கு அரசாங்கம் ஒரு புத்தாக்க மையம் கட்டிக்கொடுத்தது. இளைஞர்கள் வெளிநாட்டுக்கு ஓடாமல் செர்பியாவிலேயே தொழில் தொடங்க வேண்டும் என்பது கொள்கை. கொள்கையைப் பாராட்டி மாநாடெல்லாம் நடத்தினோம். வழிகாட்டிகள் மூன்று பேர் இருந்தோம். தொழில் தொடங்க வந்தவள் ஒருத்திதான்.

அவள் பெயர் விதோசாவா. வகுப்பறையில் காற்று கெட்டதும் எதிரெதிர் ஜன்னல்களைத் தானே திறந்துவிடும் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். நாங்கள் ஒப்புக்கொண்டால் ஊர்ப் பள்ளியில் பொருத்தலாம். இல்லாவிட்டால், அக்கா வியன்னாவில் பார்த்துவைத்த வேலைக்குப் போக வேண்டியதுதான். போக மனமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னாள்.

கொளுத்தும் ஜூலையில் கருவியை இயக்கிக் காட்டினாள். இரண்டு ஜன்னல்களும் திறந்தன. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. அரசுத் தொழிற்சாலை ஒன்றை வெற்றிகரமாக இழுத்து மூடிய அனுபவசாலியான எங்கள் தலைமை வழிகாட்டி ரதிஷா, கழுத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். எதிரெதிர் ஜன்னல் வழியே குறுக்காக வீசும் காற்று ஆளையே முடக்கிவிடும் என்பது எங்கள் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"ஐயையோ, குறுக்குக் காத்து! மூடும்மா! என் மச்சானுக்கு இப்படித்தான் வாய் கோணிப்போச்சு!"

"சார், வெளிய முப்பத்தஞ்சு டிகிரி. வேர்த்து ஊத்துது."

"ஒரு ஜன்னலைத் திற, யாரு வேணாங்கறா? ரெண்டைத் திறந்தா ஆளே காலி!"

நிதி பார்க்கும் ஸ்லாவென்கா அம்மா இடுப்பில் சால்வையைச் சுற்றிக்கொண்டார். "கிட்னி போயிடும் கண்ணு. உனக்கு இன்னும் கல்யாணம் வேற ஆகல."

நான் பொறியியல் படித்தவன். எனக்கும் கழுத்து லேசாக வலித்தது, அது வேறு விஷயம்.

பிறகு வழிகாட்டினோம், வாராவாரம் வழிகாட்டினோம். குளிர்காலத்துக்குள் கருவி திருந்திவிட்டது. குறுக்குக் காற்று வந்தால் மணியடித்து ஜன்னல்களை மூடியது. முதல் பரிசு கொடுத்தோம்.

"இப்பதாம்மா இது கண்டுபிடிப்பு!" என்று ரதிஷா ராக்கியா என்ற பழச்சாராயக் கோப்பையை உயர்த்தினார்.

"மூடுறதுக்கு ஸ்கூல்ல வாட்ச்மேன் இருக்காரு சார். இது எதுக்கு?"

"அவரு மறந்துடுவாரும்மா!"

மறுவாரமே வியன்னாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மையம் அசரவில்லை. ஆண்டறிக்கையின் அட்டையில் அவள் படத்தைப் போட்டு, 'வெளிநாட்டுச் சந்தையில் நுழைந்த எங்கள் முதல் தொழில்முனைவர்' என்று எழுதினோம். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

அந்த அறிக்கையில் ஒரு பிரதி கேட்டு அவள் அம்மா வந்தார். அட்டையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சந்தை எல்லாம் இருக்கட்டும் ஐயா. எம்பொண்ணு எப்ப திரும்பி வருவா?"

ரதிஷா எழுந்து போய், அவர் திறந்துவிட்டு வந்த கதவைச் சாத்தினார். "குறுக்குக் காத்தும்மா."