வலது காதுப் பக்கத்து நாற்காலி

எல்லாரும் சௌக்கியமா? இந்த ஈரக்காற்றுக்குத் தொண்டை கிண்டை கட்டாமல் இருக்கிறீர்களா? கட்டியிருந்தால் ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், மருந்துக்கடைக்காரம்மாவும் அன்றைக்கு நகர்மன்றக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அது சளி இல்லை... எப்படி யோசிக்காமல் போனோம், அதுதான் அவளுக்குப் புரியவில்லை, டாக்டர் கிறுக்கின சீட்டில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள், தன் கையாலேயே எழுதின விதியில் இதைப் பார்க்கவில்லையே... உறுப்பினர்கள் இனிமேல் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரக்கூடாது, வார்டு எண் வரிசைப்படிதான் உட்கார வேண்டும், இவ்வளவுதான் திருத்தம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ரசித்து ரசித்து எழுதினாள், விதித் திருத்தக் குழுவுக்குத் தலைவி என்று போட்டாயிற்று, ஏதாவது செய்ய வேண்டாமா? எல்லாருடைய இடத்தையும் மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள், தன் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. அவள் ஒன்பதாவது வார்டு, புது விதிப்படி முன்வரிசை, ஜன்னலோரம். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்காருகிற டெய்லர் முப்பத்தோராவது வார்டு, கடைசி வரிசை, கதவுப் பக்கம். அன்று காலையில் கடைக் கதவைத் திறக்கும்போதுதான் சுரீரென்றது. இப்போது கூட்டத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், டெய்லர் வழக்கம்போல வலது காதை அவள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலைவருடைய சட்டைக் காலரை முறைத்துக்கொண்டிருந்தார், அந்தக் காலரைத் தைத்தவன் எவனோ அவன் இன்றைக்குத் தப்பமாட்டான்.

காரணம் இல்லாமலா எழுதினாள்? பார்வையாளர் வரிசையில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தவள், கூட்டம் முடிகிறவரை வேறு வார்டு ஆளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள் பாவம், அவரும் கல்யாண வீட்டில் ஆட்டுகிற மாதிரி பதிலுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தார், தன் உறுப்பினர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நியாயமான விதிதான், யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள்... ஆனால் டெய்லர்? அந்தக் கடைசி வரிசையில் அவருக்கு என்ன கேட்கும்? அவள் தலைவருடைய கட்சி, அவர் எதிர்க்கட்சி, முதல் கூட்டத்துக்கு ரெண்டு பேருமே தாமதமாக வந்து, கடகடவென்று ஆடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே மீதியிருந்த ரெண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் உறவு. அப்புறம்தான் அந்தக் குப்பைமேட்டுத் தீர்மானம் வந்தது. குப்பைக் கிடங்கை முப்பத்தோராவது வார்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள், முன்னால் நாலு பேர் கையைத் தூக்க, இந்த மனுஷனும் சந்தோஷமாகத் தூக்கிவிட்டார், தன் வார்டுக்கே! தீர்மானம் ஏதோ புண்ணியத்துக்குத் தோற்றுப்போனது, ஆனால் வார்டு ஜனங்கள் அவர் கடை வாசலில் ஒரு கூடைக் குப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள், மன்றத்தில் மாதக்கணக்கில் சிரித்தார்கள், அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏன் தூக்கினேன் என்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் அந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், சொன்னது காதில் விழாமல், விழுந்த மாதிரி சிரிக்கிற முகம். அடுத்த கூட்டத்தில் அவளாகவே குனிந்து, "அண்ணே, தண்ணி வரியைப் பத்திப் பேசறாங்க, ஏத்தலாம்னு சொல்றாங்க" என்று காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் நாற்காலியை ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ரெண்டு பேரும் பேசினதே கிடையாது.

நேர்மையாகத்தான் சொன்னாள், எதிர்க்கட்சி ஆள்தானே என்று ஒரு நாளாவது மாற்றிச் சொல்லி அவர் கையைத் திருப்பியிருப்பாளா? மாட்டாள். சொந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள், அது வேறு... இப்ப நம்ம கான்ட்ராக்டர் எழுந்திருக்கார், பாலத்துல ஆரம்பிச்சு அவரோட பாட்டன் பெருமைல முடிப்பார், நீங்க ஒரு தூக்கம் போடுங்கண்ணே, முடிஞ்சா எழுப்பறேன்... டெய்லருடைய தோள் குலுங்கும், முகம் மட்டும் சாவு வீட்டு முகமாக இருக்கும், அந்தத் தோளைக் குலுங்க வைக்கிறதில் அவளுக்கு ஒரு ருசி. வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், ரெண்டு காதும் கணீரென்று கேட்கும், டிவியைப் பார்த்துக்கொண்டே ம் போடுவார், கடையில் தீப்பிடித்தது என்று சொன்னாலும் ம்தான், நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது... டெய்லருக்குத்தான் இப்போது என்ன வந்ததோ, கொஞ்ச நாளாகக் காதை மூடுகிற மாதிரி முடி வளர்த்துக்கொண்டு திரிகிறார். "என்னண்ணே, சினிமால நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா, உனக்கு அப்பாவா நடிக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்றார். வாய் மட்டும் குறையவில்லை. அவர் மருமகள் நல்ல பெண், போன வாரம்கூடக் கடைக்கு வந்து பொட்டு மாதிரி இருக்கிற சின்ன பேட்டரி கேட்டாள், பேரனுடைய பொம்மைக்காம், அது என்ன பொம்மையோ மாசத்துக்கு ரெண்டு தடவை பேட்டரி தின்கிறது... ஐயோ, இந்த மனுஷனைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தால் மறுபடியும் எதற்காவது கையைத் தூக்குவாரே, மறுபடியும் சிரிப்பார்களே, இந்தத் தடவை தாங்குவாரா, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாரே... எழுந்து எதிர்க்கலாமா? எதற்கு எதிர்க்கிறீர்கள் என்று கேட்பார்களே. அவருக்குக் காது கேட்காது என்று முழு மன்றத்துக்கும் நானே தண்டோரா போடுவதா?

சொல்லலாம் என்று அவர் காதுப் பக்கம் குனிந்தாள், என்ன சொல்வது என்று தெரியாமலே குனிந்தாள், கீ... என்று மைக்கில் அந்தச் சனியன் பிடித்த சத்தம். தலைவர் காகிதத்தைக் கீழே வைத்தார். மூன்று மாதமாக இந்தக் கீச்சு, புது மைக் வாங்கத் தனித் தீர்மானமே வந்திருக்கிறது, மைக்காரர் கையில் திருப்புளியோடு ஓடி வந்து, என் மைக்கில் குறை இல்லை என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, கோபத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். தலைவர் மைக் இருக்கும்போதே வாய்க்குள் பேசுகிறவர், இப்போது காகிதத்தால் முகத்தையும் மறைத்துக்கொண்டு அவளுடைய திருத்தத்தை முணுமுணுவென்று படித்தார், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் போல, சுற்றிலும் கைகள் எழும்பின, அவளுடைய கை மடியிலேயே கிடந்தது, இவர்தான் தனியாக எப்படி... எதிர்ப்பவர்கள், என்றார் தலைவர். அவள் பக்கத்திலிருந்து ஒரு கை எழும்பியது. அளவுகோல் போல நேராக. வேறு யாருமே தூக்கவில்லை. ஐயோ, நான் சொல்லவே இல்லையே, அவருக்கு எதுவுமே சொல்லவில்லையே!

"டெய்லரே, புரிஞ்சுதான் தூக்கினீங்களா?" என்றார் தலைவர், மைக் இல்லாமலேதான், பழைய குப்பைமேடு எல்லாருக்கும் ஞாபகம் வந்து சிரித்தார்கள். அவள் குனிந்து வாயெடுப்பதற்குள் டெய்லர் எழுந்துவிட்டார். "நல்லாப் புரிஞ்சுதான் தூக்கினேன். எனக்கு இந்த நாற்காலிதான் வசதி." உட்கார்ந்துவிட்டார். தலைவர் இந்தப் பக்கம் திரும்பி, நீங்கள் கொண்டுவந்த திருத்தத்துக்கு நீங்களே கை தூக்கவில்லையே அம்மா என்றார். அவள் எழுந்து, முடிவு சொல்லும் முன்னால் ஒரு வார்த்தை, நாற்காலியை மாற்றாமல் மேஜை மேல் வார்டு எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தாலே ஜனங்களுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வையுங்கள் என்றாள். தள்ளி வைத்தார்கள். உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஒன்றொன்றாக வந்தது... அந்த முடி. அந்த பேட்டரி. அந்தக் கீச்சு, அவள் காதுப் பக்கம் குனிகிறபோது மட்டும்... மெல்லக் குனிந்தாள். கீ... மைக்காரர் ரெண்டு கையையும் மேலே தூக்கி, "அணைச்சுத்தாங்க இருக்கு!" என்றார்.

காது மெஷின்! மூன்று மாதமாகவா? அப்படியென்றால் கான்ட்ராக்டர் பேசினதெல்லாம் அவர் ஒரு தடவை நேராகக் கேட்டு, அப்புறம் அவள் வாயால் இன்னொரு தடவையும் கேட்டாரா? கோபப்படலாமா என்று பார்த்தாள், கோபம் வரவில்லை. டெய்லர் தலைவருடைய காலரிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் கேட்டார்: "என்னம்மா சொன்னார் தலைவர்?"

உங்களுக்குத்தான் கேட்டுச்சே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் குனிந்து, அந்தக் கீச்சோடயே, ஆதியோடந்தம் எல்லாவற்றையும் சொன்னாள், தலைவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள், அவர் தோள் குலுங்கியது... இத்தனை நாளாக யாருக்காகத்தான் குனிந்துகொண்டிருந்தோம், அவருக்காகவா, இல்லை... என்று பாதி யோசிப்பதற்குள் அடுத்ததாகச் சாக்கடை வரிக்கு வந்துவிட்டார்கள், அவர் மறுபடியும் காதைச் சாய்த்துவிட்டார். உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருப்பாரே, தெரிந்ததையே தெரியாத மாதிரி உங்களிடம் கேட்டுக்கொள்கிறவர்? இல்லை, நீங்கள்தான் அந்த ஆளா? யாரிடம், எதை என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.