இரண்டு அறைகளுக்கு ஒரே பெட்டி

"மெதுவா பேசு அனு. அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும் அத்தான். இந்த வீட்டுல வேற எங்க போய்ப் பேச?"

"சாயங்காலம் பீச்சுக்குப் போவோம். அங்க வச்சுப் பேசலாம்."

மூன்றாவது முறை வைத்த கருவும் தங்கவில்லை என்று மருத்துவமனையில் சொன்ன அன்று, அனுப்ரியாவும் அவள் கணவன் அஸ்வத்தும் தங்கள் அறையில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பேசும்போது அவன் பார்வை, ஏ.சி. காற்று வரும் கூரையோரக் கிரில்லை விட்டு நகரவில்லை.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் உட்கார்ந்தார்கள். 'போதும், நிறுத்திவிடலாம்' என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அதற்குள் அவன், "அடுத்த தடவை நிச்சயம் நிக்கும் அனு, எனக்கென்னமோ தோணுது" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் கேட்க முடியவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

ஐந்து மாதங்களாகியும் அவள் கேட்கவில்லை. வரும் திங்கட்கிழமை நான்காவது முறைக்கான முதல் ஊசி.

தி.நகரில் இருக்கும் தங்கள் துணிக்கடைக்கு ஏ.சி. போட்ட ஆட்களை வைத்தே, அடையாறு வீட்டு மாடிக்கும் போட்டிருந்தார் காலஞ்சென்ற மாமனார். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் தகர டக்ட், அடுத்தடுத்த இரண்டு படுக்கையறைகளுக்கும் குளிரைக் கொண்டுவந்தது. பேச்சையும் கொண்டுபோனது. அடுத்த அறையில் மாமியார் சரோஜாதேவி இருமினால் இங்கே கேட்கும். ஊசியால் வயிறு உப்பி, எதையும் உடுத்த முடியவில்லை என்று அனு ஒருநாள் இங்கே முனகினாள். மறுநாள் கட்டிலில், கடையிலிருந்து வந்த தொளதொளப்பான காட்டன் நைட்டிகள் நான்கு மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குத்திக்காட்டும் மாமியாராக இருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருக்கலாம். இந்த அன்பை என்ன செய்வது?

ஆவணிப் புழுக்கத்தில் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் ஈரம் படர்ந்து சொட்டத் தொடங்கியது. சனிக்கிழமை காலை டக்ட் வேலை பார்க்கும் மெஹபூப் அலி வந்தார். சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, ஏணியில் ஏறி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி டக்டின் இணைப்புகளில் காட்டினார். காற்று கசிந்த இடங்களில் எல்லாம் புகை சிதறியது.

"பைப்பு ஒழுகலமா. டக்டு வேர்க்குது. ஜாயின்ட் பூரா குளிர்காத்து வெளிய போய்க்கினு கீது. மேல சுத்தின ஷீட்டும் பிஞ்சி தொங்குது. இந்த ஊரு புழுக்கம் சும்மா வுடுமா? எல்லாத்தையும் அடைச்சு, டேப் ஒட்டி, புது ரப்பர் ஷீட் சுத்தணும்."

தலையை இன்னும் உள்ளே நுழைத்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னா வேல பண்ணிட்டுப் போயிருக்கானுங்க! ரெண்டு ரூமுக்கும் ஒரே பொட்டி. ஏன் சார், இங்க பேசினா அங்க கேக்குமே?"

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றான் ஏணியைப் பிடித்திருந்த அஸ்வத்.

"நல்லாவே கேக்கும்," என்றது கிரில்லிலிருந்து சரோஜாதேவியின் குரல். "காதைப் பொத்திக்கிட்டா படுக்க முடியும்?"

"பாத்தீங்களா, அம்மாவே சொல்லிட்டாங்க!"

மெஹபூப் அலியைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் கேட்டிருக்குமோ என்று நினைத்தாள் அனு.

"நடுவுல காத்த மட்டும் வுடற தடுப்பு வச்சு, உள்பக்கமும் ஷீட் ஒட்டிடறேன். சாயங்காலத்துக்கு மேல ஒரு சத்தம் போவாது," என்றார் அவர். "அதுக்கு முன்னாடி வேற எந்த ஓட்ட வழியா போவுதுன்னு பாக்கணும். சார், நீங்க அம்மா ரூமுக்குப் போய் நில்லுங்க. நீங்க இங்கேர்ந்து பேசுங்கம்மா."

"என்ன பேச?"

"எதுனா பேசுங்க. இன்னிக்கு இன்னா சமையல்?"

அஸ்வத் அடுத்த அறைக்குப் போனான். அனு கிரில்லுக்குக் கீழே, கட்டிலின் மேல் ஏறி நின்றாள்.

"வத்தக்குழம்பு. அவரைக்காய்ப் பொரியல். அப்பளம்."

"கேக்குது," என்றான் அஸ்வத்.

"அப்பளம் தீந்து போச்சு," என்றாள் அத்தை.

"நிறுத்தாதீங்க, பேசிக்கினே இருங்க," என்றார் மெஹபூப் அலி, காதைத் தகரத்தில் வைத்தபடி.

அனு தலையை நிமிர்த்தினாள். கிரில்லின் கறுத்த இடுக்குகளைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், முகம் தெரியவில்லை. மாலைக்குப் பிறகு இந்த அறையில் எதையும் பேசலாம். ஆனால் எதிரே அவன் முகம் இருக்கும். திங்கட்கிழமை வந்துவிடும். மறுபடியும் ஊசி, மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் அதே டாக்டரின் அதே தலையசைப்பு. முடிவு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அத்தான்."

"ம், கேக்குது. சொல்லு."

"திங்கக்கிழமை ஊசி வேண்டாம்."

மேலே தகரத்தில் உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் கிரில்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்கப் பேசினாள்.

"எனக்குப் பிள்ளை பிறக்காது அத்தான். அத்தை, நீங்களும் கேட்டுக்கிடுங்க. என்னால இனிமே முடியாது. உங்க ரெண்டு பேரையும் கும்பிட்டுக் கேக்கேன், இதோட நிறுத்திடலாம்."