மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

தமிழரசனுக்குக் கொரியன் மொழி எவ்வளவு தெரியும் என்று முதன்முதலில் கேட்டவர் கல்யாணத் தரகர் பூமாலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியன் கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர்.

"அந்தக் கொரியாக்காருங்ககிட்ட இன்னா பாஷையில பேசுவீங்க தம்பி?"

"கொரியன்லதான்."

"நல்லா பேசுவீங்களா?"

தமிழரசன் கொஞ்சம் யோசித்து, "மீடியமா பேசுவேன்" என்றான்.

பொய் சொல்வதற்கும் ஒரு நேக்கு வேண்டும். நன்றாகத் தெரியும் என்றிருந்தால் பூமாலை அங்கேயே பேசிக் காட்டச் சொல்லியிருப்பார். கொஞ்சம் தெரியும் என்றிருந்தால் மறந்தே போயிருப்பார். மீடியம் என்றதும், பையன் அடக்கமானவன், அப்படியென்றால் வெளுத்து வாங்குவான்போல என்று அவராகவே முடிவுகட்டி, ஜாதகத்தோடு சேர்த்து அதையும் ஊர் ஊராகச் சொல்லிவிட்டார். சொந்த ஊரான மூங்கில்துறைப்பட்டில் அவன் அம்மா பெரியநாயகி, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்காரர்களைக்கூட விடாமல் நிறுத்திச் சொன்னாள்.

உள்ளபடி அவனுக்குத் தெரிந்தது வணக்கம், நன்றி, சாப்பிட்டாச்சா, சீக்கிரம், கூடாது, அப்புறம் 'நே'. நே என்றால் ஆமாம், சரி. இந்த ஒரு சொல்லை வைத்தே கம்பெனியில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கொரியன் மேனேஜர் வந்து ஏதாவது சொன்னால் முதுகை வளைத்து "நே" என்று விடுவான். அவர் தலை மறைந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடி, "சார் இன்னாண்ணா சொன்னாரு?" என்று கேட்டுக்கொள்வான். அவன் மட்டுமில்லை, லைனில் எல்லாருமே அப்படித்தான். முதலில் சரி, விஷயம் என்ன என்பது பிறகு.

பூமாலை கொண்டுவந்த இடம் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடியில் மரவள்ளியும் கரும்பும் போடும் நாராயணசாமியின் வீடு. மகள் சந்தியா பி.எஸ்சி. முடித்தவள். சென்னையிலிருந்து ஆன்லைனில் நடந்த வகுப்பில் சேர்ந்து கொரியன் படித்தவள்.

"பொண்ணும் மீடியம், பையனும் மீடியம். பத்துப் பொருத்தத்துக்கு மேல இது பதினோராவது!" என்றார் பூமாலை. இந்த இடத்தை எப்படியாவது தட்டிக் கழிக்கத்தான் தமிழரசன் நினைத்தான். ஆனால் போட்டோவைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வைகாசியில் பெண் பார்க்கப் போனார்கள். ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது பெரியநாயகியின் திட்டம். கேசரியும் பஜ்ஜியும் உள்ளே போய் காபி வந்ததும், தமிழரசனின் தாய்மாமன் ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷன்தான். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவர்.

"பாட்டுலாம் பாட வேணாம்மா. நீ கொரியன் எவ்ளோ படிச்சிருக்கன்னு மட்டும் சொல்லு."

"மூணாவது லெவல் வாங்கியிருக்கேங்க."

"மொத்தம் எத்தினி?"

"ஆறுங்க."

"ஆறுக்கு மூணா? அப்ப பார்டர் பாஸு."

"மார்க் இல்லீங்க, அது படி மாதிரி. ஒண்ணும் ரெண்டும் ஆரம்பம். மூணும் நாலும் நடு. மூணாவதுல இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயி எங்க வலிக்குதுன்னு சொல்லலாம். பேப்பர் படிச்சா ஏதோ நடந்திருக்குன்னு தெரியும், யார் மேல தப்புன்னு தெரியாது. வூட்டு ஓனர்கிட்ட தண்ணி வரலன்னு சண்ட போடலாம், ஆனா ஜெயிக்க முடியாது. நாலாவதுலதான் ஜெயிக்க முடியும்."

கூடம் சிரித்தது. தமிழரசனும் சிரித்தான். சந்தியா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எந்த லெவலுங்க?"

"நானு... மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னு வெச்சுக்கோங்களேன்."

அப்படி ஒரு படி கிடையாது. ஆனால் அது அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப ரெண்டு பேரும் பேசுங்க, நாங்க கேக்குறோம்!" என்றார் ஆதிமூலம்.

தப்பிக்க வழியில்லை. தமிழரசன் நிமிர்ந்து உட்கார்ந்து கொரியனில் வணக்கம் சொன்னான். அவளும் சொன்னாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்பதுபோல் ஏதோ சொன்னாள். சரக்கு அவ்வளவுதான். மிச்சமிருந்த 'சீக்கிரம்', 'கூடாது' இரண்டையும் பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்ல முடியாது. பெரியநாயகி கண் கலங்க மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சந்தியா பேச ஆரம்பித்தாள். நிதானமாக, தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசினாள். நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. தமிழரசனின் முதுகு தானாகவே வளைந்தது. "நே" என்றான். இன்னும் கொஞ்சம் பேசினாள். "நே." இன்னும் கொஞ்சம். "நே." கடைசியாக முன்னைவிட மெதுவாக ஏதோ கேட்டாள். அதையே திரும்பவும் கேட்டாள். அவன் சந்தேகத்துக்கு இடமில்லாமல், "நே, நே" என்றான்.

ஆதிமூலம் கை தட்டினார். "இன்னாடா பேசிக்கினீங்க? எங்களுக்கும் சொல்லு."

"அது... பொதுவா மாமா. அவங்களே சொல்லட்டும்" என்றான் தமிழரசன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்துகொண்டோம் என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

சந்தியா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "அக்டோபர்ல பரீட்ச எழுதி நாலாவது லெவல் வாங்கணும்னு சொன்னேங்க. சரின்னாரு. உளுந்தூர்பேட்டை பக்கம் கொரியாக்காருங்க ஷூ கம்பெனியில மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு அது வேணும், வேல கெடச்ச பிறகுதான் கல்யாணம்னேன். அதுக்கும் சரின்னாரு. கல்யாணம் ஆன பிறகும் வேலைய வுட மாட்டேன்னேன். சரின்னாரு."

நாராயணசாமி எழுந்தே விட்டார். இந்தப் பரீட்சைப் பேச்சை எடுக்கவே கூடாது என்று ஆறு மாதமாக மகளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். இப்போது மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "மாப்ளயே சரின்னுட்டாருன்னா, நான் இன்னாத்த சொல்றது" என்றார்.

"ஏன்டா, ஆவணி இன்னாடா ஆச்சு?" என்றாள் பெரியநாயகி.

புரியாமல் தலையாட்டினேன் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆவணி போகும். தமிழரசன் இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆதிமூலம்தான் காப்பாற்றினார். "சரி, புள்ளைங்க கொஞ்சம் தனியா பேசட்டும்."

வீட்டுப் பின்புறம் மோட்டார் கொட்டகை ஓரம் இருவரும் நின்றார்கள். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தமிழரசனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலங்க" என்றான்.

"தெரியும்ங்க."

"எப்பலேருந்து?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னீங்களே, அப்பவே."

"கடைசியா ரெண்டு தரம் கேட்டீங்களே, அது இன்னா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நான் பேசுறது உங்களுக்குப் புரியலன்னா பரவாயில்ல, பதில் சொல்லாம சும்மா இருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நான் வேற வழி பாத்துக்கறேன்னு சொன்னேன். நீங்க இன்னா பண்ணப் போறீங்களோன்னு பயந்துக்கினே ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் சரின்னீங்க."

தமிழரசனுக்குக் காது சுட்டது. கம்பெனியில் எத்தனையோ முறை தப்பாகத் தலையாட்டித் திட்டு வாங்கியிருக்கிறான். அப்போதெல்லாம் இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. இங்கே திட்டக்கூட ஆளில்லை.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா உள்ள போயி, புரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள் சந்தியா. "நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்கப்பா மறுபடி குதிப்பாரு, அவ்ளோதான்." கடைசிச் சொல்லில் அவள் குரல் இறங்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் உள்ளே போனான். வாக்கிலிருந்து தப்பிக்கப் போனானா, வாழ்க்கையில் ஒரு தரமாவது உண்மை பேசிப் பார்க்கலாம் என்று போனானா, அவனையே கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. கூடத்தின் நடுவில் நின்று, "எல்லாரும் மன்னிக்கணும். எனக்குக் கொரியன் தெரியாது" என்றான்.

ஆதிமூலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா எங்க வூட்டுப் புள்ளய! அத்தினி நேரம் அந்தப் பொண்ணுகூட சரிக்கு சரி பேசிட்டு, தெரியாதுன்றான்!"

"நெஜமாவே தெரியாது மாமா!"

"நெறைய தெரிஞ்சவங்க இப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றார் நாராயணசாமி, உருகிப்போய். "நீ சொல்லும்மா."

சந்தியா அப்பாவை நேராகப் பார்த்து, "அவரு சொல்றது நெஜம்தாம்பா" என்றாள்.

"இப்பவே வுட்டுக்கொடுக்காம பேசுது பாருங்க!" என்று பூமாலை குரல் கொடுத்தார். கூடமே ஆமாம் போட்டது. பொய் சொன்னபோது நம்பிய அத்தனை பேரும், இரண்டு பேர் சேர்ந்து உண்மை சொன்னபோது நம்ப மாட்டேன் என்றார்கள். பரீட்சை, வேலை, பிறகு கல்யாணம் என்று பேசி, அன்றைக்கே பூவும் வைத்துவிட்டார்கள். பெரியநாயகியே சந்தியாவின் தலையில் பூவை வைத்தாள்.

திரும்பும்போது கார் கள்ளக்குறிச்சி தாண்டும்வரை பெரியநாயகி வாயே திறக்கவில்லை. முன் சீட்டில் ஆதிமூலம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவணி போச்சேன்னு கோவமாம்மா?"

"உனக்கு அந்தப் பாஷ தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா."

தமிழரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிம்மா?"

"அந்தப் பொண்ணு பேசறப்ப உன் மூஞ்சப் பாத்துக்கினு இருந்தேன். சின்னப்புள்ளையில வாத்தியார் கேள்வி கேட்டா இதே மூஞ்சதான்."

"அப்புறம் ஏம்மா சும்மா இருந்த? நீ சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்களே!"

பெரியநாயகி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "அத்தினி பேர் முன்னாடி ஒரே வார்த்தையில உன் மானத்த வாங்கியிருக்கலாம் அவ. வாங்கல. அந்த மாதிரி பொண்ண ஆவணிக்குள்ள நான் வேற எங்கடா போயி தேடுறது? எழுதட்டும், வுடு."